தொட்டுப் பார்க்கிற கை

தண்ணீர் இன்னும் சூடாகவில்லை. அடுப்பில் வைத்த பெரிய பாத்திரத்துக்கு முன்னால் கேதீஸ் நின்றுகொண்டிருந்தான், சூடாகாமலே இருந்துவிட்டால் நல்லது என்கிற நினைப்போடு. சூடானால் வதனி கூப்பிடுவாள், கூப்பிட்டால் போகவேண்டும், போனால் பிள்ளையின் தலையை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையால் மழிக்க வேண்டும். பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு, பிறந்த தீட்டுக் கழிக்கிற நாள். ஊரில் என்றால் முடி இறக்குகிறவர் வீட்டுக்கே வந்துவிடுவார், ஐயர் வருவார், மாமன்காரன் மடியில் வைத்துப் பிடிப்பான், தகப்பன் என்கிறவன் வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தால் போதும். இங்கே, கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்கிற இந்தத் தீவில், மீன் தொழிற்சாலையை நம்பிக் கிடக்கிற இந்தச் சின்ன ஊரில், தமிழ்க் குடும்பம் என்றால் இது ஒன்றுதான். கனடா என்றால் தமிழர் நிறைந்த ஸ்காபரோ என்று நினைத்து வந்து இறங்கியவள் வதனி. முதல் கிழமை முழுக்க அழுதாள், பிறகு பழகிக்கொண்டாள், ஆனால் சடங்கு என்று வந்துவிட்டால் ஒரு நூல் இடம் விடமாட்டாள். ஆளில்லை என்று பிள்ளைக்கு மொட்டை அடிக்காமல் விடுவதோ, நீங்கள் இருக்கிறியள்தானே என்றுவிட்டாள். அவன் இருக்கிறான்தான். அதுதான் பிரச்சினை. ஒரு மாதமாக அவன் பிள்ளையின் தலையைத் தொட்டதே இல்லை. தூக்குவான், கொஞ்சுவான், முழங்கை மடிப்பில் தலையைக் கிடத்திக்கொண்டு வீடு முழுக்க நடப்பான், ஆனால் உள்ளங்கை தலைக்குப் போகாது, விரல்கள் எங்கேயோ தூரத்தில் நிற்கும். வதனி இதைக் கவனித்துவிட்டாள், கவனித்துப் பிழையாக விளங்கிக்கொண்டாள். “ஆம்பிளையளுக்கு முதல் பிள்ளையெண்டால் இப்பிடித்தான். உடைஞ்சு போயிடும் எண்டு பயம்” என்று சிரித்தாள். உடைந்துபோகும் என்று அவன் பயப்படவில்லை. ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்று கை சொல்லிவிடுமோ என்றுதான் பயந்தான்.

ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் வெள்ளையாகக் கிடந்தது. வடகிழக்குக் காற்று கிழமை முழுக்க அடித்துக் கடலில் கிடந்த பனிப்பாளங்களையெல்லாம் தள்ளிக்கொண்டுவந்து துறைமுகத்தின் வாயில் திணித்துவிட்டது, படகுகள் அசைய வழியில்லை, அதனால்தான் அவன் இன்றைக்கு வீட்டில். பாளங்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் சமையலறை வரைக்கும் வந்தது, நித்திரையில் யாரோ பல்லை நறுமுகிற மாதிரி. வந்த புதிதில் இந்தச் சத்தத்தால் நித்திரை வரவில்லை, இப்போது இது நின்றால் விழிப்பு வந்துவிடுகிறது. காற்றுத் திரும்பினால் கப்டன் ஹேரல்ட் போன் எடுப்பார், வா என்பார், சீல் வேட்டைக்குக் கிடைப்பதே ஏப்ரலில் கொஞ்ச நாள்தான். தமிழில் அதைக் கடல்நாய் என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அதன் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கமாட்டார். நாய் குரைக்கும், கடிக்கும், குறைந்தது ஓடவாவது செய்யும். இது பார்த்துக்கொண்டிருக்கும். கப்டன் படகிலிருந்து சுடுவார், சுட்டதும் கேதீஸ் பாளத்தில் குதித்து ஓடவேண்டும். குனிந்து, கையுறையைக் கழற்றி, மண்டையை இரண்டு பக்கமும் விரலால் அமத்திப் பார்க்கவேண்டும். எலும்பு எதிர்த்தால் உயிர் இருக்கலாம், கொக்கித் தடியால் இன்னொரு அடி. எதிர்க்காமல் மெத்தென்று உள்ளே போனால் முடிந்தது. அதற்குப் பிறகுதான் கத்தி. அடி, தொட்டுப் பார், பிறகு இரத்தத்தை விடு, சட்டமே அப்படித்தான். மற்றவர்கள் கையுறையோடு ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழும்பிவிடுவார்கள். கேதீஸ் நேரம் எடுப்பான். இந்தப் பக்கம் அமத்துவான், அந்தப் பக்கம் அமத்துவான், திரும்பவும் முதல் பக்கத்துக்கு வருவான். டொக்டர் கேதீஸ் நாடி பார்க்கிறார் என்று படகில் பகிடி. கப்டனுக்கு உள்ளூரப் பெருமை, என்னுடைய படகில் ஒன்றுகூட உயிரோடு கத்தியைக் காணாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இரக்கமுள்ளவன் என்று அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. அதை நினைத்தால் அவனுக்குச் சிரிப்பு வரும், வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. விரலை விட்டுப் பார்த்தான், பச்சைத்தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. இந்த விரலைத்தான் அந்தப் பெண் படம் பிடித்தாள். போன கிழமை இறங்குதுறையில் நின்ற செய்திக்காரப் பெண், நல்ல பெண், குளிருக்கு அவனுக்கும் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினாள். ஐரோப்பாவில் சீல் தோலை வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள், இங்கே எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று சத்தம் போடுகிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் என்ன நினைப்பான். கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னது சரி என்றுதான் அவனுக்குப் படும். கப்டன் பேசினால் கப்டன் சரி: சீல் லட்சக்கணக்கில் பெருகிக் கிடக்கிறது, மீன் போய்விட்டது, பாட்டன் காலத்திலிருந்து வசந்தத்தில் இதைத்தான் தின்றோம், இதைத்தான் உடுத்தோம், கணக்காக எடுத்தால் கடல் தரும், கோழிக்காக ஹெலிகொப்டரில் வந்து அழுகிறவன் எவனும் இல்லையே. ரொறன்ரோவில் இருக்கிற வதனியின் அக்கா மதி பேசினால் மதி அக்கா சரி: அதின்ர கண்ணைப் பாத்தனீரோ கேதீஸ், பச்சைப்பிள்ளையின்ர கண்ணடாப்பா. ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டே வீடியோவில் கண்ணீர் விட்டாள், விட்ட கண்ணீர் பொய்யில்லை, கொத்துரொட்டியும் பொய்யில்லை. ஒரு பக்கம் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள், மறுபக்கம் கண்ணைச் சொல்கிறார்கள். கையைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. அந்தப் பெண்தான் முதல்முதல் கேட்டாள். தோல் உரிக்கும்போது அதற்கு உயிர் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்களே, செத்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரியுமா உங்களுக்கு? தெரியும் என்றான். எப்படித் தெரியும்? கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தி, வெறும் காற்றை இரண்டு பக்கமும் மெல்ல அமத்திக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் நிச்சயமா? அவள் குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் இல்லாமல் அந்தக் கை மட்டும் இணையத்தில் போய், நாலு பேர் நாலு விதமாகத் திட்டி, ஊர் சுற்றி மதி அக்காவிடம் வந்து சேர்ந்தது. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள், கலியாணத்துக்கு அவள் வாங்கிக் கொடுத்த மணிக்கூடு. இது உம்மட கைதானே என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள்.

நிச்சயமா. தண்ணீர் ஆவி விடத் தொடங்கியது. நிச்சயமா, நிச்சயமா என்று வெளியே பாளங்களும் உரசிக்கொண்டிருந்தன. இந்த மாதம் முழுக்க அவனைத் தின்றுகொண்டிருப்பது இன்னொன்றும் இருக்கிறது, வதனியிடம் சொல்லவே முடியாத விசர்த்தனமான ஒன்று. சீல் குட்டி பிறக்கும்போது வெள்ளை மயிரோடு பிறக்கும். வெள்ளை மயிர் இருக்கும்வரைக்கும் யாரும் தொடக்கூடாது, தொட்டால் படகையே பறித்துவிடுவார்கள். தாய் ஒன்றரைக் கிழமை போலப் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும், போனால் போனதுதான், குட்டி தனியே பாளத்தில் கிடந்து அழும், பசியில் கிடக்கும், வெள்ளை மயிர் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். ஒரு மாதம் வரும்போது கடைசி வெள்ளையும் போய்ச் சாம்பல் உடம்பில் கரும்புள்ளி தெரியும். அன்றைக்கு அதன் காவல் முடிந்தது. நேற்று அதைக் கொன்றவன் குற்றவாளி, இன்றைக்குக் கொன்றவன் தொழிலாளி. இடையில் நடந்தது மயிர் உதிர்ந்தது மட்டும். கப்டன் இதைச் சொன்ன நாளில் கேதீஸ் தலையாட்டிவிட்டு இருந்துவிட்டான், எங்காவது ஓர் இடத்தில் கோடு கிழிக்கத்தானே வேண்டும் என்று நினைத்தான். அப்போது வதனிக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. இப்போது தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளையின் பிறந்த முடியைப் பார்ப்பான், கறுகறுவென்று நெற்றி வரைக்கும் இறங்கிக் கிடக்கும், இது இருக்கும்வரைக்கும் ஒன்றும் வராது என்று மனம் தன்பாட்டுக்குச் சொல்லும். முட்டாள் மனம். முட்டாள்தனம் என்று தெரிந்தால் பயம் போய்விடுமா என்ன. ஒரு மாதம், முடி, பிறகு காவல் இல்லை. அந்த முடியை எடுக்கப்போகிறவன் வேறு யாருமில்லை, தொட்டுப் பார்க்கிறவனேதான்.

“இஞ்சருங்கோ, தண்ணி கொதிக்குதோ, இல்லாட்டி நீங்கள் நிண்டு கொதிக்கிறியளோ?” வதனி அறையிலிருந்து கூப்பிட்டாள். பாத்திரத்தை இறக்கிப் பச்சைத்தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டு போனான். சாமிப்படத்துக்கு முன்னால் பாய் விரித்து, குத்துவிளக்குக் கொளுத்தி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், தலைக்குக் குளித்துவிட்டுப் புதுச்சேலையில். பிள்ளை விழித்திருந்தது. கண். பார்க்காதே. எதிரே தலையணையில் சாய்த்துவைத்த போனில் மதி அக்காவின் முகம், அதற்குப் பின்னால் ஸ்காபரோ வீட்டு வரவேற்பறை. “நல்ல நேரம் முடியப்போகுது வதனி, ஐயர் சொன்னதெல்லே, கெதியாத் தொடங்குங்கோ” என்றாள் மதி அக்கா. பிறகு அவனைக் கண்டாள். “கேதீஸ்தானோ வழிக்கப்போறீர்? உந்தக் கையாலையோ?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கேட்டுவிட்டாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு வராது. வதனி நிமிர்ந்தாள். “அக்கா, உந்தக் கைதான் எனக்குச் சோறு போடுது. பேசாமல் இருங்கோ.” “நான் என்ன சொல்லிப்போட்டன் இப்ப? பாவமெண்டு ஒண்டு இருக்கெல்லே. பிள்ளையின்ர உச்சி மூடேல்லை இன்னும், பாத்து.” உச்சி மூடவில்லை. அவனுக்குத் தெரியாதா. நாளுக்கு ஒரு தடவை வதனி நல்லெண்ணெய் தொட்டு அந்த உச்சிக்குழியில் வைப்பதை வாசலில் நின்று பார்க்கிறவன்தானே. அவள் விரல் அந்த இடத்தில் உள்ளே அமிழும், அவன் வெளியே போய்ப் படகைப் பார்த்துவிட்டு வருவான்.

பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து முடியை நனைத்தான். தண்ணீரைத் தொட்டது பஞ்சு, பஞ்சைத் தொட்டது விரல், இன்னும் தலையைத் தொடவில்லை. நனைந்த முடி தலையோடு ஒட்டிக்கொண்டது, தலை சின்னதாகிவிட்டது, இவ்வளவு சின்னதா. குகனின் முடியும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வராதே என்றான் மனத்துக்குள். வந்துவிட்டது. இலங்கையில், வன்னியில், யுத்தத்தின் கடைசி மாதங்கள், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி, நடுவில் மணலும் தரப்பாள் கூடாரங்களும் சனமும். தம்பி குகன், அவனுக்கு நேர் இளையவன், ஒன்றாக வலை இழுத்தவன், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. கேதீஸ் ஓடிப்போய்த் தலையை மடியில் தூக்கி வைத்தான். பின்தலையில் கை பட்டது. மெத்தென்று உள்ளே போனது. ஓடு, ஓடு, அடுத்தது வருகுது என்று சனம் கத்திக்கொண்டு போனது, யாரோ அவன் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்கள், அவன் தலையை மணலில் இறக்கிவைத்துவிட்டு எழும்பினான். எழும்பித் திரும்பினபோது குகனின் கால் அசைந்தது. வலது கால், மணலில், தண்ணீரைத் தள்ளுகிற மாதிரி. ஒரு தரம், இன்னொரு தரம். அவன் கண்டான். கண்டுகொண்டேதான் ஓடினான். ஒரு கையால், ஒரு தடவை, கண் மூடித் திறக்கிற நேரம் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினான். நிச்சயமா? அந்தக் கேள்வியை அந்தப் பெண் இறங்குதுறையில் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. அது மணலில் இருந்து அவனுக்குப் பின்னாலேயே வருகிறது, கப்பல் ஏறியது, விமானம் ஏறியது, வதனியோடு கலியாணப் படத்திலும் எங்கோ ஒரு மூலையில் நிற்கிறது.

“என்னங்கோ, கை நிண்டிட்டுது? குளிருதோ?” இல்லை என்றான். வேட்டைக்குப் போன முதல் வருடம், முதல் சீல். அவன் பாளத்தில் குதித்துப் போய்ப் பார்க்கும்போது அதன் வால்துடுப்பு அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்துக்குப் பக்கம், நீந்துகிற மாதிரி. உயிரோடு இருக்கிறது என்று கத்தினான். கப்டன் இறங்கி வந்து, அவன் கையைப் பிடித்து அந்த மண்டையில் வைத்தார். மெத்தென்று போனது. பார், இது போய்விட்டது, சுட்ட கணத்திலேயே போய்விட்டது, செத்தது தெரியாமல் உடம்பு மட்டும் கொஞ்ச நேரம் நீந்தும், கண்ணை நம்பாதே, கையை நம்பு என்றார். கேதீஸ் அந்த இடத்திலேயே பனியில் உட்கார்ந்துவிட்டான். புதியவன், இரத்தம் கண்டு மயங்கிவிட்டான் என்று சிரித்தார்கள். அவனுக்கோ நெஞ்சுக்குள் ஒரு பாறாங்கல்லை யாரோ நகர்த்தின மாதிரி இருந்தது. உடம்பு நீந்தும். கால் அசையும். மெத்தென்று இருந்தால் அதன் பிறகு அசைவதில் உயிர் இல்லை. குகன் அப்போதே போய்விட்டான், கேதீஸ் அவனை விட்டுவிட்டு வரவில்லை, உடம்பைத்தான் விட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து வசந்தம் வந்தால் அவன் வேட்டைக்குப் பேர் கொடுத்துவிடுவான். தொழிற்சாலையில் வேலை இருந்தாலும் லீவு போட்டுவிட்டுப் போவான். எண்ணிக்கைக்காகவும் இல்லை, தோலுக்காகவும் இல்லை, கப்டனின் பாட்டனுக்காகவும் இல்லை. ஒவ்வொரு மண்டையிலும் கையை வைத்து, துடுப்பு அசைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, மெத்தென்று இருப்பதை விரலால் உறுதிசெய்து, பார், இதுவும் அசைகிறது, இதுவும் செத்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்வதற்காக. ஒன்று போதவில்லை. நூறு போதவில்லை. ஒவ்வொரு ஏப்ரலும் புதிதாகச் சாட்சி தேவைப்பட்டது. இரக்கமுள்ளவனாம். இதை எந்தச் சட்டத்தில் எழுதுவார்கள், இதற்கு எந்தப் பக்கம் கொடி பிடிக்கும்?

“இனியும் நனைச்சுக்கொண்டிருந்தால் பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும். பிடியுங்கோ தலையை” என்றாள் வதனி, இந்த முறை சிரிக்காமல். புது பிளேடு போட்ட சவரக்கத்தி வலது கையில். இடது கை காற்றில் நின்றது, படத்தில் நின்ற அதே மாதிரி. போனில் மதி அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை இறக்கினான். உள்ளங்கை முழுக்கத் தலை வந்து நிறைந்தது, வெதுவெதுப்பாக, ஈரமாக. விரல்கள் அவனைக் கேட்கவில்லை, பழகின வேலையைப் பார்த்தன, இரண்டு பக்கமும் மெல்ல அமத்தின. எலும்பு எதிர்த்தது. கொஞ்சமாக, பிஞ்சாக, ஆனாலும் எதிர்த்தது. பெருவிரல் மேலே போய் உச்சியில் நின்றது. மெத்தென்று உள்ளே போனது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை காலை உதைத்தது, ஒரு தரம், இன்னொரு தரம், தாயின் சேலையைத் தள்ளிக்கொண்டு. “நீந்துறா பாருங்கோ, தகப்பன்காரன்ர பிள்ளையெல்லே” என்றாள் வதனி. மெத்தென்று இருக்கிறது, கால் அசைகிறது. கை கற்ற பாடமெல்லாம் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது. கையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடவேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. ஓடாமல் நின்றதால் மட்டும்தான் அது தெரிந்தது: பெருவிரலுக்குக் கீழே, அந்த மெத்தென்ற இடத்துக்குள் இருந்து, ஏதோ ஒன்று மேலே வந்து தொட்டுவிட்டுப் போனது. திரும்ப வந்தது. திரும்பவும். சீராக, அவசரமில்லாமல், உள்ளே ஆள் இருக்கிறேன் என்று சொல்கிற துடிப்பு. சட்டென்று அமத்தி எடுத்தால் தெரியாது. வைத்துக் காத்திருந்தால்தான் தெரியும்.

பிறகு வழித்தான். கத்தி நோகாமல் போனது, கறுப்பு முடி கொத்துக்கொத்தாக வதனி ஏந்திய வெற்றிலையில் விழுந்தது, வெள்ளைத் தோல் பாதை பாதையாகத் தெரிந்தது, பிள்ளை சிணுங்கியது, அழவில்லை. இடது கைப் பெருவிரல் உச்சியை விட்டு நகரவில்லை. “பரவாயில்லையே, நல்லாத்தான் வழிக்கிறீர்” என்று மதி அக்கா மூக்கை உறிஞ்சினாள், அழுதிருக்கிறாள். சந்தனம் குழைத்துப் பூசவேண்டும் என்றும் சொன்னாள். சமையலறையில் அவன் போன் அடித்தது. கப்டனாகத்தான் இருக்கும், காற்றுத் திரும்பிவிட்டது போல, உரசுகிற சத்தம் எப்போது நின்றது என்றே அவன் கவனிக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. “முடிஞ்சுது. கையை எடுங்கோ, தண்ணி வார்க்கவேணும்” என்றாள் வதனி. “பொறும்.” “என்னத்துக்கு?” “பாக்கிறன்.” “என்னத்தைப் பாக்கிறியள் இவ்வளவு நேரமா?” அவன் அழத் தொடங்கியிருந்தான், மனிதர் முன்னால் அழுகிறோம் என்கிற வெட்கமும் இல்லாமல், மொட்டைத் தலையில் கையை வைத்தபடியே. வதனி முதலில் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். துடிப்பு வந்தது, போனது, வந்தது. குகனின் தலையில் அவன் இவ்வளவு நேரம் கையை வைத்திருக்கவில்லை.